லங்காவிக் கல்லில் ஒரு ஓடு

செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள சாரதா,

உன் கடிதமும், உன் பேரன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களும் கிடைத்தன. அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல். பார்வை தெளிந்ததும் அவர் முதலில் கைவிடப் போவது அதைத்தான் என்று எனக்குத் தெரியும். இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்கு சைபர்ஜெயாவில் வேலை கிடைத்திருக்கிறது. இருட்டோடு கிளம்பி இருட்டோடு திரும்புகிறாள், சம்பளம் மட்டும் வெளிச்சமாக இருக்கிறதாம். என் முழங்காலுக்குப் பத்துமலைப் படிகள் இனிமேல் ஆகாது. இந்தத் தைப்பூசத்துக்குக் கீழேயே நின்று கும்பிட்டுவிட்டு வந்தேன். முருகன் ஒன்றும் சொல்லவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். லங்காவியில் படகில் தீவு சுற்றப் போனபோது சிங்கா பெசார் தீவுப் பக்கம் கறுத்த பாறையில் வரிவரியாக ஒரு ஓடு பதிந்திருந்தது என்றும், படகுக்காரர் "இது முப்பது கோடி வருஷப் பாறை" என்று சொன்னதும் உன் பேரன் "யார் எண்ணினாங்க?" என்று கேட்டுவிட்டான் என்றும் எழுதியிருக்கிறாய். எனக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது. நான் மண் பரிசோதனைக் கம்பெனியில் இருந்த காலத்தில் புதிதாகச் சேர்ந்த பட்டதாரிகள்கூட அதைக் கேட்டதில்லை. வரைபடத்தில் என்ன வயது போட்டிருக்கிறதோ அதை அப்படியே ரிப்போர்ட்டில் எழுதிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். இந்தக் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டு. சலித்துக்கொண்டால் அந்த இடத்தைத் தாண்டிப் போ.

முதலில், அது என்ன பிராணி என்று பார்ப்போம். பார்த்தவுடனே கெராங், அதாவது நாம் சமைக்கிற சிப்பி, என்றுதான் யாருக்கும் தோன்றும். அடுத்த முறை சந்தையில் கெராங் வாங்கும்போது ஒன்றை எடுத்து நிதானமாகப் பார். அதன் இரண்டு ஓடுகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருக்கும். ஆனால் ஒற்றை ஓட்டை மட்டும் தனியாக எடுத்தால் அதன் இரு பாதிகளும் ஒத்துப்போகாது, கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். உங்கள் படத்தில் இருப்பது இதற்கு நேர்மாறு. ஓட்டின் நடுவில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டால் இரு பக்கமும் ஒன்றுபோல வருகிறது. இரண்டு ஓடுகளையும் சேர்த்துப் பார்த்தால் அளவும் வளைவும் வேறு வேறாக இருக்கும், ஏனென்றால் அவை இடதும் வலதும் அல்ல, முதுகும் வயிறும். இதைத்தான் பிராக்கியோபாட் என்கிறார்கள். கெராங்குக்கும் இதற்கும் கிட்டத்து உறவு கிடையாது. ஓட்டுக்குள்ளே மெல்லிய இழைகள் நிறைந்த ஓர் உறுப்பு இருக்கும், கடல்நீரை அதன் வழியே இழுத்து இரையை வடிகட்டித் தின்னும். பெரும்பாலானவை கடலடியில் ஒட்டிக்கொண்டோ கிடந்தபடியோ வாழ்நாளை ஓட்டியவை. இன்று உலகக் கடல்களில் எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 400 இனங்கள். பாறைகளில் கண்டு பெயர் வைக்கப்பட்டவையோ 12,000க்கும் மேல். படத்தை மட்டும் பார்த்து இனம் என்ன என்று சொல்ல மாட்டேன், கேட்காதே.

இனி வயது. உன் வீடு நிற்கும் பினாங்குப் பாறை கிரானைட். பூமிக்கு அடியில் உருகிக் கிடந்த குழம்பு மெல்ல ஆறி இறுகியது. ஆறும்போது ஜிர்கான் என்ற பொடிப் படிகங்கள் உண்டாகும். அவை உண்டாகிற நேரத்திலேயே கொஞ்சம் யுரேனியத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும், ஈயத்தைக் கிட்டத்தட்டச் சேர்த்துக்கொள்வதே இல்லை. அந்த யுரேனியம் மாறாத வேகத்தில் ஈயமாக மாறிக்கொண்டே வரும். இன்று இரண்டும் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று அளந்தால் படிகத்தின் வயது வந்துவிடும். பினாங்குக் கிரானைட்டின் பெரும்பகுதி இப்படி 20 கோடி ஆண்டுகளை ஒட்டிய வயது காட்டுகிறது.

அதே வேலையை லங்காவிச் சேற்றுப் பாறையில் செய்தால் என்ன ஆகும்? ஜிர்கான் கிடைக்கும்தான். ஆனால் அது எங்கோ ஒரு பழைய மலை தேய்ந்து, தண்ணீரோடு வந்து சேர்ந்த துகள். அந்த மலையின் வயதைச் சொல்லுமே ஒழிய, சேறு படிந்த காலத்தைச் சொல்லாது. சேறு இந்தத் துகளைவிடப் பழையதாக இருக்க முடியாது என்ற ஓர் எல்லை கிடைக்கும், அவ்வளவுதான். ஆக உங்கள் ஊரில் கடிகாரம் உண்டு, ஓடு கிடையாது. லங்காவியில் ஓடு உண்டு, கடிகாரம் கிடையாது.

ஓட்டை வைத்து அடுக்கை அடையாளம் காணலாம் என்று காட்டியவர் பெரிய பேராசிரியர் அல்ல, தரை அளந்து பிழைத்த ஒரு மனிதர். 1790களில் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் நிலக்கரி கொண்டுபோகக் கால்வாய் வெட்டினார்கள். அங்கே அளவையாளராக இருந்த வில்லியம் ஸ்மித், வெட்டிப்போட்ட பாறையில் ஒவ்வோர் அடுக்குக்கும் தனக்கென்று ஓர் ஓட்டுக் கூட்டம் இருப்பதைக் கவனித்தார். எந்த ஊரில் வெட்டினாலும் அந்தக் கூட்டங்கள் ஒரே வரிசையில்தான் வந்தன. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிற இரண்டு களிமண் அடுக்குகளைக்கூட ஓடுகளை வைத்துப் பிரித்துவிடலாம். அதை வைத்தே 1815இல் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பெரிய நிலவியல் வரைபடம் வெளியிட்டார். சில வருஷத்தில் கடனுக்காகச் சிறைக்கும் போனார். தரையைத் தோண்டுகிறவர்களுக்கு எந்தக் காலத்திலும் பில் பணம் நேரத்துக்கு வந்ததில்லை போலிருக்கிறது.

ஸ்மித்துக்கு வரிசை தெரியும், வருஷக் கணக்கு தெரியாது. எண்கள் 20ஆம் நூற்றாண்டில்தான் வந்து சேர்ந்தன. சில ஊர்களில் கடல் அடுக்குகளுக்கு நடுவே எரிமலைச் சாம்பல் படிந்திருக்கும். அந்தச் சாம்பலோடு வந்த ஜிர்கான் அப்போதுதான் பிறந்தது என்பதால் அதை அளந்தால் அடுக்கின் வயதே கிடைத்துவிடும். அதற்குக் கீழே இன்ன ஓடு, மேலே இன்ன ஓடு என்று பதிந்து வைத்துவிட்டால் போதும். சாம்பல் கிடைக்காத இடத்திலும் அதே ஓட்டைக் கண்டால் அந்த எண்ணைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். பேரனிடம் இப்படிச் சொல்: லங்காவியில் யாரும் எண்ணவில்லை. வேறோர் ஊரில் எண்ணியதை இந்த ஓடு இங்கே கொண்டுவந்து சேர்க்கிறது.

ஆனால் எல்லா ஓட்டையும் நம்பிக் கடன் வாங்க முடியாது. லிங்குலா என்று ஒரு பிராக்கியோபாட் இருக்கிறது, நாக்கு மாதிரி நீளமாக. இன்றைக்கும் இந்தோ-பசிபிக் கரையோரச் சேற்றில் குழி தோண்டி உயிரோடு இருக்கிறது. அதன் பழங்கால உறவுகளும் வெளித்தோற்றத்தில் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். அதைப் பார்த்து வயது சொல்லச் சொன்னால் நாற்பது கோடி என்றும் சொல்லலாம், போன வாரம் என்றும் சொல்லலாம். நமக்கு வேண்டியது சீக்கிரம் வந்து, பல நாடுகளுக்குப் பரவி, சீக்கிரம் அழிந்துபோன இனம். ஸ்டிரிங்கோசெபாலஸ் அப்படிப்பட்டது. கைப்பிடியை நிறைக்கும் பெரிய ஓடு. அதைக் கண்டால் டெவோனியன் காலத்தின் நடுப்பகுதி, சுமார் 38.5 கோடி ஆண்டு என்று தயங்காமல் எழுதலாம்.

அதைவிட எனக்குப் பிடித்தது ஈயோசீலியா. டெவோனியனுக்கும் முந்தைய சிலூரியன் காலத்துச் சின்ன ஓடு, மேலே வரம்பு வரம்பாக இருக்கும். கீழ் அடுக்கில் வரம்புகள் நன்றாக எழும்பி நிற்கின்றன. மேலே ஏற ஏற அவை தணிந்துகொண்டே வந்து, கடைசியில் ஓடு கிட்டத்தட்ட வழவழப்பாகிவிடுகிறது. அதே குடும்பம், தலைமுறை தலைமுறையாக மாறுகிறது. இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதைவிட, வரம்பு எவ்வளவு தணிந்திருக்கிறது என்று பார்த்து வயதை இன்னும் நுணுக்கமாகச் சொல்ல முடிகிறது. நம் பள்ளிக்கூடக் குழுப்படங்களில் பெல்பாட்டம் கால்சட்டையின் அகலத்தை வைத்தே எந்த வருஷத்துப் படம் என்று நீ கண்டுபிடிப்பாயே, அந்த வேலைதான்.

இங்கேதான் ஒரு சிக்கல். இதை உன் பேரன் வளர்ந்தபின் புரிந்துகொண்டால் போதும், நீ இப்போதே புரிந்துகொள். பிராக்கியோபாட் நீந்திப் போகாது. தனக்குப் பிடித்த ஆழம், பிடித்த தரை, பிடித்த வெப்பம் இருந்தால்தான் அங்கே இருக்கும். 1965இல் ஏ. எம். சீக்லர் என்ற ஆய்வாளர் வேல்ஸ் எல்லைப்பகுதியின் சிலூரியன் பாறைகளைப் பார்த்துவிட்டு, கரையிலிருந்து ஆழத்தை நோக்கி ஐந்து கூட்டங்களாகப் பிரித்தார். கரையோரத்தில் லிங்குலா கூட்டம், அடுத்து ஈயோசீலியா, பிறகு பென்டாமெரஸ், பிறகு ஸ்ட்ரிக்லாண்டியா, கடைசியில் ஆழத்தில் கிளோரிண்டா. ஐந்தும் ஒரே காலத்தில், ஒரே கடலில், வெவ்வேறு ஆழத்தில் வாழ்ந்தவை. இப்போது ஒரு பாறைச் சுவரில் கீழே லிங்குலாவும் மேலே பென்டாமெரஸும் கிடைத்தால் என்ன சொல்வாய்? பழைய இனம் போய்ப் புது இனம் வந்தது என்று சொல்லத் தோன்றும். நிஜத்தில் கடல் மட்டம் கொஞ்சம் உயர்ந்து, ஆழத்துக்காரர்கள் கரைப்பக்கம் குடிவந்திருக்கலாம்.

அதாவது ஒவ்வோர் ஓடும் வயதையும் முகவரியையும் சேர்த்தே சொல்கிறது. எது எது என்று பிரிக்கத் தெரிய வேண்டும். சீக்லர் செய்தது அதுதான். கூட்டங்களை வைத்து ஆழத்தைச் சொன்னார், ஈயோசீலியாவின் வரம்பு தணிவதை வைத்துக் காலத்தைச் சொன்னார். இன்னொரு வழியும் உண்டு. கடலில் மிதந்து திரிந்த கிராப்டோலைட், விலாங்கு மாதிரி நீந்திய கோனோடான்ட் விலங்கின் பல், இவை கடலடியை நம்பி இருந்ததில்லை. அவை கூடவே கிடைத்தால் ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். இந்தப் பழங்காலக் கடற்பாறைகளில் உலக அளவிலான கால எல்லைகளைக் குறிக்க இப்போது பெரும்பாலும் கிராப்டோலைட்டையும் கோனோடான்டையும்தான் நம்புகிறார்கள். பிராக்கியோபாட்டுக்கு இரண்டாம் வரிசை நாற்காலிதான்.

லங்காவியில் மட்டும் அப்படி இல்லை. உன் பேரன் பார்த்த பாறை, நீ சொல்லும் இடத்தையும் நிறத்தையும் வைத்துப் பார்த்தால், சிங்கா பாறைத்தொகுதியாகத்தான் இருக்க வேண்டும். அந்தச் சேறு படிந்தபோது நம் தீபகற்பத்தின் மேற்குப் பக்கம் தெற்கே கொண்ட்வானா பெருங்கண்டத்தின் ஓரத்தில், பனிப்பாறைகள் மிதந்த கடலில் இருந்தது. மிதக்கும் பனி உருகும்போது அதில் சிக்கியிருந்த கற்கள் சேற்றில் விழும். மென்மையான கறுத்த பாறையில் சம்பந்தமே இல்லாமல் ஒரு கூழாங்கல் குத்தி நிற்பதை இன்றும் அங்கே காணலாம். அவனைப் பழைய படங்களில் தேடச் சொல். குளிர்க் கடலில் கோனோடான்டும், அரிசி மணி மாதிரி இருக்கும் ஃபியூசுலினிட் என்ற ஒற்றைச் செல் உயிரியின் ஓடும் அரிது. மற்ற ஊர்களில் இந்தச் சேறு படிந்த பெர்மியன் காலத்து அடுக்குகளுக்கு வயது சொல்பவை அவைதான். இங்கே அவை கைவிட்டுவிட்டதால் பிராக்கியோபாட்தான் முன்னே வந்து நிற்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் குளிர்க்கடல் ஓடுகளோடு ஒப்பிட்டுத்தான் லங்காவியின் ஓட்டு அடுக்குகளைத் தொடக்கப் பெர்மியன், சக்மேரியன் கட்டம் என்று வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 29 கோடி ஆண்டு. படகுக்காரர் ரவுண்டாகச் சொல்லியிருக்கிறார், பரவாயில்லை. குளிர்க்கடலைக் குளிர்க்கடலோடு ஒப்பிடுவதால் முகவரிச் சிக்கலும் கொஞ்சம் குறைகிறது. நீங்கள் குளித்துவிட்டு வந்த தாயாங் பூந்திங் ஏரியைச் சுற்றியுள்ள சுண்ணாம்புப் பாறை அதற்கு மேலே, பனி போய்க் கடல் வெதுவெதுப்பானபின் படிந்தது.

இதே காலத்தில் கிழக்குப் பக்கம் கதையே வேறு. நாம் கிழக்குக்கரை நெடுஞ்சாலையில் போகும்போது பெந்தோங் தாண்டுகிறோமே, அந்த வட்டாரத்தில்தான் பெந்தோங்–ரவுப் தையல் ஓடுகிறது. அங்கே ஒரு சமுத்திரம் இருந்து, பெர்மியனுக்கு அடுத்த டிரையாசிக் காலத்தில் மூடி, இரண்டு நிலத்துண்டுகள் சேர்ந்தன. கிழக்குத் துண்டில் பெர்மியன் ஓடுகள் தென்சீனத்து வெப்பக்கடல் வகை. தீபகற்பத்தின் நடுப்பகுதி ஷேல் பாறைகளில் லெப்டோடஸ் என்று ஒன்று கிடைக்கிறது, ஓடு என்றே நம்ப மாட்டாய், காய்ந்த இலையின் நரம்பு போல இருக்கும். மேற்கையும் கிழக்கையும் ஓடுகளை வைத்து நேராகக் கோர்க்க முயன்றால் கை சுட்டுக்கொள்ளும்.

கிழக்கின் இன்னும் பழைய ஓடுகளைப் படித்தவர் ஹெலன் முயிர்-வுட். லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் பிராக்கியோபாட்களைக் கவனித்தவர். குவாந்தான் பக்கத்து ஓடுகளை ஆராய்ந்து 1948இல் அவை பெர்மியனுக்கு முந்தைய கார்பானிபெரஸ் காலத்து விசேயன் கட்டத்தவை என்று எழுதினார், அதாவது 33 கோடிக்கும் 35 கோடிக்கும் இடைப்பட்டவை. 1955இல் அங்கே தொல்லுயிர்ப் பிரிவின் துணைக் காப்பாளரானார், 1958இல் லண்டன் நிலவியல் சங்கத்தின் லைல் பதக்கம். நாம் படிக்கிற காலத்தில் இந்தப் பெயரை யாராவது நமக்குச் சொல்லியிருக்கலாம். அந்த வயதில் நமக்குத் தெரிந்த விஞ்ஞானிப் பெண் மேரி கியூரி ஒருவர்தானே.

எங்கள் கோலாலம்பூர் இதில் ஏமாற்றம்தான். பத்துமலைச் சுண்ணாம்பு சிலூரியன், 40 கோடி ஆண்டுக்கும் மேல். ஓடுகள் நிறைய இருந்திருக்க வேண்டும். பின்னால் கீழிருந்து வந்த கிரானைட்டின் சூட்டில் வெந்து சலவைக்கல்லாகிவிட்டது, ஓடுகளின் உருவமும் அதோடு போயிற்று. அதற்கு மேல் படிந்த கென்னி ஹில் பாறையிலும் வயது சொல்லும்படி அதிகம் கிடைப்பதில்லை. கார்பானிபெரஸ்–பெர்மியன் என்று பொதுவாகப் போட்டுவிட்டுப் போகிறார்கள். துளையிட்டு எடுத்த பாறைத் துண்டுகளை மர ட்ரேயில் அடுக்கி வைத்து, ஒரு ஓடாவது கண்ணில் படாதா என்று மத்தியானம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். கம்பெனிக்கு அது வேண்டாம், பாறை எந்த ஆழத்தில், குகை இருக்கிறதா, அதுதான் வேண்டும். அதுவும் நியாயம்தான். இரட்டைக் கோபுரத்தையே அடியில் இருந்த சுண்ணாம்புப் பாறைக்காகச் சுமார் 60 மீட்டர் தள்ளிக் கட்ட வேண்டி வந்தது.

உன் பேரனுக்கு ஒரு பரிசு வாங்கி வைத்திருக்கிறேன். பெட்டாலிங் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு சீன மருந்துக்கடையில் கிடைத்தது, கல் குருவி. சிறகு விரித்த பறவை மாதிரி இருக்கும், உண்மையில் அது ஸ்பிரிஃபர் வகைப் பிராக்கியோபாட். சீனாவில் மழைக்காற்று அடிக்கும்போது இவை மலையிலிருந்து எழுந்து பறக்கும் என்று பழைய காலத்தில் நம்பினார்களாம். இடித்துப் பொடியாக்கி மருந்தில் சேர்ப்பார்கள். அவனைத் தின்ன விடாதே. 1853இலேயே தாமஸ் டேவிட்சன் என்ற பிரிட்டிஷ்காரர் சீனத்திலிருந்து வந்த இப்படிப்பட்ட ஓடுகளைப் பார்த்து டெவோனியன் என்று எழுதிவிட்டார். ஆனால் கடைக்காரருக்கு எந்த மலை, எந்த அடுக்கு என்று தெரியாது. அதனால் இந்த ஓட்டுக்கு வயது உண்டு, இதை வைத்து எந்த அடுக்குக்கும் வயது சொல்ல முடியாது. லங்காவியில் அவன் கல்லை உடைத்து எடுத்து வராமல் படம் மட்டும் எடுத்ததற்காக அவனைப் பாராட்டு. ஜியோபார்க்கில் எடுக்கவும் கூடாது, எடுத்தால் கல்லுக்கு ஊரும் இல்லாமல் போகும்.

அண்ணனுக்கு ஒரு செய்தி. அவர் பாட்டனார் ஊர் அரியலூர் என்பாரே. அங்கே இருக்கும் கிரிட்டேசியஸ் காலக் கடற்பாறையிலும் பிராக்கியோபாட் உண்டு. 1872இல் அவற்றை விவரித்தவர் பெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, மொராவியாவிலிருந்து வந்து இந்திய நிலவியல் துறையில் வேலை பார்த்தவர். அதே மனிதர் பினாங்குத் தீவுக்கும் வந்து நத்தைகளைச் சேகரித்து எழுதியிருக்கிறார். அரியலூரில் வயது சொல்வது முக்கியமாக அம்மோனைட் என்ற சுருள் ஓடுதான். அந்தப் பாறை படிவதற்கு வெகு காலம் முன்பே, 25.2 கோடி ஆண்டுக்கு முன் பெர்மியன் முடிவில் நடந்த பேரழிவில் பிராக்கியோபாட் வம்சம் பெரும்பாலும் போய்விட்டது, மிஞ்சியவை பழைய செல்வாக்கைத் திரும்பப் பெறவே இல்லை. கடலடி கெராங் வகையறாக்களின் கைக்குப் போனது. இல்லாவிட்டால் உங்கள் ஊர் சார் குவே தியாவ் நூடுல்ஸில் கெராங்குக்குப் பதில் வேறு ஏதாவது போட்டிருப்பார்கள்.

பள்ளி விடுமுறையில் பையனை ஈப்போவிலுள்ள புவியியல் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போவோமா? நான் இங்கிருந்து இ.டி.எஸ். ரயிலில் வந்துவிடுகிறேன், நீங்கள் பட்டர்வொர்த்தில் ஏறுங்கள். மதியம் கல்லைப் பார்த்துவிட்டு சாயங்காலம் பழைய டவுனில் வெள்ளைக் காப்பி. டுரியான் பருவம் என்றால் திரும்பும்போது உங்களோடு பினாங்கின் டுரியான் ஊரான பாலிக் புலாவ் வரைக்கும் வருவேன், முழங்கால் அதற்கு ஒத்துழைக்கும்.

அதற்குமுன் அவனிடம் ஒன்று கேட்டு எழுது. அந்தப் பாறையில் இரண்டு ஓடுகளும் மூடியபடி சேர்ந்தே இருந்த ஜோடி ஏதாவது பார்த்தானா, அல்லது எல்லாம் தனித்தனி ஓடாகத்தான் கிடந்தனவா? சேர்ந்தே இருந்தால் அது வாழ்ந்த இடத்திலேயே சேறு மூடியிருக்கலாம். எல்லாம் பிரிந்து, ஓரம் தேய்ந்து, ஒரே பக்கமாகக் குவிந்து கிடந்தால் அலை எங்கிருந்தோ அள்ளிவந்து கொட்டியிருக்கும், சில சமயம் பழைய அடுக்கு ஒன்று கரைந்து அதிலிருந்தும் வந்திருக்கும். அப்போது வயது விஷயத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பெரிதாக்கினால் தெரிகிற மாதிரி இன்னொரு படம் இருந்தால் அனுப்பச் சொல்.

அன்புடன்,
மல்லிகா